இலவச இணைப்பு அல்ல

ஏப்ரல் கடைசியில் நம் நாட்டு ஆய்வகங்களில் அநேகமாக ஒரே மாதிரி ஒரு பேச்சு நடக்கும். பேராசிரியர் லேப் கதவோரம் நின்றபடி, “மே ரெண்டாவது வாரம் ஒரு சம்மர் ஸ்டூடன்ட் வர்றாம்மா, கொஞ்சம் பாத்துக்கோ” என்பார். பிஎச்.டி. செய்யும் அந்தப் பெண் “சரிங்க சார்” என்பார். சார் நகர்ந்ததும் பக்கத்து மேசையிலிருந்து குரல் வரும்: “உன் தலையில கட்டிட்டாரா? ரெண்டு மாசம் அவ்வளவுதான்.”

இந்த விஷயத்தில் நம்மிடையே நிலவும் கருத்து முழுவதும் இதற்குள் இருக்கிறது. பேராசிரியருக்கு அது ‘கொஞ்சம்’. பக்கத்து மேசைக்காரருக்கு அது நஷ்டம். எதிரெதிர்க் கட்சி மாதிரித் தோன்றினாலும் இருவரும் ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள்: இளங்கலை மாணவருக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுப்பது ஆராய்ச்சியில் சேராது, அது ஆராய்ச்சியோடு வரும் இலவச இணைப்பு. ஒருவர் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார், இன்னொருவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்குகிறார். அவர்கள் கைகோக்கும் அந்த இடத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

எந்தக் கோடை மாணவர்கள் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியின் இன்சா, பிரயாக்ராஜின் நாசி ஆகிய மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டத்தில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மும்பை டிஐஎஃப்ஆரின் விஎஸ்ஆர்பி, பெங்களூர் ஜவாஹர்லால் நேரு மையம், சென்னை ஐஐடி, தரமணி கணித அறிவியல் நிறுவனம் என்று தனித்தனியாகவும் திட்டங்கள் உண்டு. இவை எதிலும் சேராமல், நூறு பேராசிரியர்களுக்கு மெயில் போட்டு, பதில் வந்த ஓர் இடத்துக்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் எட்டு வாரம்தான். இந்த ஏற்பாடு நாம் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் மார்கரெட் மக்விகார் இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வு வாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது 1969இல். அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நாடு முழுவதும் இத்தகைய கோடைகளுக்குப் பணம் கொடுக்கும் இன்றைய திட்டத்தை ஆரம்பித்தது 1987இல். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கல்விமுறையை நாம் இன்னும் ‘கொஞ்சம் பாத்துக்கோ’ என்ற அளவில் வைத்திருக்கிறோம்.

முதலில் பக்கத்து மேசைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். அவர் சும்மா புலம்பவில்லை, கணக்கோடு புலம்புகிறார். இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) இரண்டு ஆண்டு, முதுநிலை (எஸ்ஆர்எஃப்) மூன்று ஆண்டு, ஆக உதவித்தொகை வருவது 60 மாதம். கோடைக்கு ஒருவர் என்று நான்கு பேரைப் பார்த்துக்கொண்டால் எட்டு மாதம் போய்விட்டது. தொகையோ 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃபுக்கு 37,000, எஸ்ஆர்எஃபுக்கு 42,000 ரூபாய். அதுவும் மாதாமாதம் வந்து சேர்ந்தால். 60 மாதம் முடிந்தபின் கையில் காசில்லாமல் தீசிஸ் எழுதுகிறவருக்கு அந்த எட்டு மாதத்தின் அருமை தெரியும். இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த எட்டு மாதமும் பிஎச்.டி. ஸ்காலரின் சொந்த வேலை முழுதாக நின்றுபோனால்தான் இந்தக் கணக்கு சரி. உண்மையில் வேலை நிற்பது முதல் இரண்டு மூன்று வாரம். அந்த நாட்களில் செலவு மட்டுமே உண்டு, வரவு கிடையாது. இதை மறைப்பதில் பயனில்லை. பிப்பெட்டில் முதல் நிறுத்தம் வரை அழுத்தி எடுக்க வேண்டும் என்று தெரியாமல் மாணவர்கள் இரண்டாவது வரை அழுத்தி எடுப்பார்கள், அளவு கூடிப்போகும். லேப் நோட்டில் நேற்றைய தேதியில் இன்றைய வேலை இருக்கும். ஜெல் ஓட்டும்போது சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிக் குத்திவிடுவார்கள். டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது, சிவப்பு முனையை நோக்கி ஓடும். ஒயர் மாறினால் ஜெல்லுக்குள் போகவேண்டியது கிணற்றின் பின்பக்கமாக வெளியேறி பஃபரில் கரைந்துவிடும். மூன்று நாள் தயாரித்த சாம்பிள் அரை மணியில் காலி. நஷ்டம்தான். நான்காம் ஐந்தாம் வாரத்தில் நிலைமை மாறும் என்று பக்கத்து மேசைக்காரர் நம்புவதில்லை. மாறாத லேப்களும் இருப்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. மாறாதது ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் மாணவருக்கு என்ன வேலை என்பதை அவர் வந்து இறங்கிய பிறகுதான் யோசித்திருப்பார்கள். தீசிஸின் நடுத்தூணைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தால் தூண் சாயும். தீசிஸோடு சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கொடுத்தால் ஸ்காலருக்கு ஆர்வம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே, தோற்றாலும் தீசிஸைச் சாய்க்காத, ஜெயித்தால் அதற்கு உதவுகிற ஒரு சின்னக் கேள்வி எந்த லேபிலும் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க ஸ்காலருக்கு மார்ச்சிலேயே தகவல் தெரியவேண்டும். சனிக்கிழமை சொல்லித் திங்கட்கிழமை மாணவரை உட்காரவைக்கும் இடத்தில் நஷ்டத்தைத் தவிர வேறு எது விளையும்?

இப்போது வரவு. ஸ்காலருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டால் பொறுமை, தலைமைப் பண்பு, மனநிறைவு என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த மூலக்கூறு உயிரியல் லேபிலும் ஏதோ ஒரு கோடையில் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாமாண்டு படிக்கும் பையன், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் மெஷினில் வெப்பநிலைகளை அடித்துக்கொண்டே கேட்கிறான்: “அக்கா, இந்த எடத்துல ஏன் 55 டிகிரி?” அக்கா வாயைத் திறக்கிறார், பதில் வரவில்லை. சீனியர் எழுதிவைத்த புரோட்டோகாலில் 55 என்று இருந்தது. சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. மூன்று தலைமுறையாக அந்த 55 கைமாறி வந்திருக்கிறது. டிஎன்ஏவில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் பிரைமர்கள் மட்டும் இடையில் மாறிவிட்டன. அன்று மாலை அவர் பிரைமரின் உருகுநிலையைக் கணக்கிட்டுப் பார்க்கிறார், மறுநாள் 54 முதல் 62 வரை படிப்படியாக வைத்து ஓட்டுகிறார். 60க்குப் பக்கத்தில் போனதும், இரண்டு வருடமாக எல்லா ஜெல்லிலும் நிழல்போல வந்துகொண்டிருந்த அந்த வேண்டாத பட்டை காணாமல் போகிறது. அதற்காக எத்தனை சாம்பிளைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்திருப்பார்!

பையன் மேதை ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரியாது, அதனால் கேட்டான். ஸ்காலருக்கும் தெரியாது, ஆனால் தெரியாது என்பதை மறக்கும் அளவுக்கு அந்த இடத்தில் பழகிவிட்டார். லேப் மீட்டிங்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை. கைடு கேட்கமாட்டார், அவர் பிப்பெட்டைத் தொட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கும். கூட இருக்கும் ஸ்காலர்கள் கேட்கமாட்டார்கள்; அவர்களும் 55இல்தான் ஓட்டுகிறார்கள். தீசிஸ் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்கலாம். அப்போது கேட்டு என்ன பயன்?

ஒரு ஜெல்லை வைத்துப் பெரிய வாதம் கட்டாதே என்பவர்களுக்கு ஓர் ஆய்வு. டேவிட் ஃபெல்டனும் சக ஆய்வாளர்களும் 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. அறிவியல் துறைகளில் முதுநிலை ஆய்வுப் படிப்பின் தொடக்கக் கட்டத்தில் இருந்த 95 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் ஆராய்ச்சி மட்டும் செய்தவர்கள், சிலர் ஆராய்ச்சியோடு இளங்கலை மாணவர்களுக்குக் கற்பித்தவர்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என எழுதிய ஆய்வு முன்மொழிவுகளை ஒப்பிட்டார்கள். சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோளை அமைப்பதிலும் சரியான பரிசோதனையை வடிவமைப்பதிலும் அதிகம் முன்னேறியவர்கள் கற்பித்தவர்களே. அந்த ஆய்வு வகுப்பறைக் கற்பித்தலைப் பற்றியது, கோடை மாணவரைப் பற்றியது அல்ல. அதை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. ஆனால் ‘கற்பிக்கும் நேரம் ஆராய்ச்சியிலிருந்து திருடிய நேரம்’ என்ற எளிய கணக்கு அதற்கு முன்னால் நிற்காது.

அடுத்த மறுப்பு கொஞ்சம் கௌரவமானது. மாணவர் கைடின் பெயரைப் பார்த்து வந்தார், கைடே சொல்லிக்கொடுக்கட்டும், ஸ்காலரை ஏன் இழுக்கிறீர்கள் என்பது. நியாயம்போலத் தெரியும். அகாடமிகளின் விண்ணப்பத்தில் மாணவர் தேர்ந்தெடுப்பதும் விஞ்ஞானியின் பெயரைத்தான். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டு பேர்வரை பிஎச்.டி.க்கு வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. எட்டு தீசிஸ், வகுப்பு, விடைத்தாள், புராஜெக்ட் அறிக்கை, கமிட்டி மேல் கமிட்டி. இதற்கிடையில் அவர் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது விளையாட்டு.

நேரம் இருந்தாலும் அவர் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்பேன். ஒயரை மாற்றிக் குத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஸ்காலருக்கு மறக்கவில்லை, மூன்று வருடத்துக்கு முன் அவரே மாற்றிக் குத்தியவர். அதனால்தான் ஜெல்லைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல், நீலச் சாயம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுவார். இந்த ‘ஐந்து நிமிடம் நின்று பார்’ எந்தப் பாடநூலிலும் இல்லை. மாணவரும் சாரிடம் கேட்கக் கூசுகிற ஐம்பது கேள்விகளை அக்காவிடமும் அண்ணாவிடமும் கேட்டுவிடுவார். மெஸ்ஸில் எந்தக் கவுண்டருக்குப் போகவேண்டும் என்பதில் தொடங்கி, பிஎச்.டி. உண்மையிலேயே இவ்வளவு கஷ்டமா என்பதுவரை. கடைசிக் கேள்விக்குக் கைடு சொல்லும் பதிலும் ஸ்காலர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது. மாணவருக்குத் தேவை இரண்டாவது பதில்.

அதற்காகக் கைடு கைகழுவிவிடலாம் என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் மாணவரோடு உட்கார்ந்து, இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று பேசவேண்டியது அவர்தான். அந்த ஒரு மணியும் இல்லாமல் எட்டாம் வாரம் கையெழுத்துக்கு மட்டும் தோன்றும் கைடுகள் இருக்கிறார்கள். மாணவரின் முகம் அவர்களுக்குச் சர்டிபிகேட்டிலிருந்தே தெரியவரும்.

சர்டிபிகேட் என்றதும் இன்னொரு பழைய குற்றச்சாட்டு வருகிறது: “இவங்க எல்லாம் வெளிநாட்டு அட்மிஷனுக்கு லெட்டர் வாங்க வர்றவங்க.” வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்தவரை நூலகத்தில் உட்காரவைத்து, இருபது கட்டுரை கொடுத்து, கடைசி வாரம் பவர்பாயின்ட் போடச் சொல்லி அனுப்பினால் அவர் எடுத்துப்போக லெட்டரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? காகிதத்தைத் தவிர எதையும் கொடுக்காமல் காகிதத்துக்கு வந்தான் என்று திட்டுவது அழகில்லை. வருகிறவர்களில் பலர் சொந்தக் கல்லூரியில் கருவியை உறை போட்ட நிலையில் மட்டுமே பார்த்தவர்கள். இன்ஸ்பெக்ஷன் குழு வரும் நாளில் உறையை எடுப்பார்கள், போனதும் மூடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு மாணவி தன் கையால் ஸ்பெக்ட்ரோமீட்டரை இயக்கித் தன் சாம்பிளின் வளைகோடு திரையில் ஏறுவதைப் பார்ப்பதற்கு லெட்டர் ஈடாகாது. லெட்டரையும் வாங்கிக்கொள்ளட்டுமே.

இனி இனிப்பாகப் பேசுகிறவர்கள் பக்கம் வருகிறேன். என் கோபம் முணுமுணுப்பவர்களைவிட இவர்கள்மேல்தான் அதிகம். “உனக்கும் இது ஒரு எக்ஸ்பீரியன்ஸ்தானேம்மா, சிவியில போட்டுக்கலாம்” என்பார்கள். எதை வைத்துப் போடுவது? சர்டிபிகேட்டில் கைடின் பெயர். மாணவர் சமர்ப்பிக்கும் அறிக்கையின் முதல் பக்கத்தில் கைடின் பெயர். ஸ்காலர் வருவது நன்றியுரையில், ஹாஸ்டல் வார்டனுக்கு முன்னாலோ பின்னாலோ. நான்கு மாதம் கழித்துச் சிபாரிசுக் கடிதம் எழுதும் நேரம் வந்ததும் அதே கைடு அதே ஸ்காலரைக் கூப்பிட்டு, “அந்தப் பையன் எப்படி? ஒரு பாரா எழுதிக் குடு” என்பார். அந்தப் பாராதான் கடிதத்தின் உயிர். மற்றதெல்லாம் லெட்டர்ஹெட். அனுபவம் என்று வாயால் சொல்லிவிட்டு அதற்கு எந்த ஆவணமும் இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கு ஓசியில் வேலை வாங்குவது என்று பெயர்.

இந்தச் சுமை எல்லோர்மேலும் சமமாக விழுவதாகவும் தெரியவில்லை. நான் பார்த்தவரை அது விழுவது மறுத்துப் பேசத் தெரியாதவர்மேல். பத்து ஸ்காலர் இருக்கும் லேபில் வருடாவருடம் அதே இரண்டு பேருக்குத்தான் கோடை மாணவர் வருவார். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர் என்று பெயர் எடுத்தது அவர்கள் செய்த தவறு. எரிச்சலோடு பேசி மாணவரை ஒரு முறை அழவைத்தவருக்கு அடுத்த வருடம் விடுதலை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், ஸ்காலர்களுக்குப் பிடிக்காது. கணக்கில் வராத வேலைக்குக் கண்காணிப்பும் கிடையாது. கோடை மாணவரை எட்டு வாரமும் கண்ணாடிக் குடுவை கழுவவைத்த ஸ்காலர் உண்டு. தன் தரவை எக்செலில் ஏற்றும் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டவர் உண்டு. மாணவர் யாரிடம் போய் முறையிடுவார்? கைடு கண்ணிலேயே படுவதில்லை. ஸ்காலரோ காகிதத்தில் எங்கும் இல்லை. இலவச இணைப்பு என்று வைத்திருப்பதால் உழைத்தவருக்குப் பெயர் கிடைப்பதில்லை, ஏய்த்தவருக்குக் கேள்வியும் இல்லை.

இன்னொரு எண்ணம் இரு தரப்பிலும் உண்டு: ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும். தெரியாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோ ஹேண்டல்ஸ்மனும் அவருடைய குழுவினரும் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டார்கள். ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுதலைக் கற்றுக்கொடுக்கவே ஒரு கருத்தரங்கு அமைத்தார்கள். அதற்கான ‘என்டரிங் மென்டரிங்’ என்ற கையேடு 2005இல் வெளிவந்தது. அந்தக் கருத்தரங்கில் எனக்குப் பிடித்த விஷயம், அது வெறும் உபதேச வகுப்பாக இல்லை. கோடை மாணவரை லேபில் வைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்காலர்கள் வாராவாரம் கூடுகிறார்கள். ‘எல்லாவற்றுக்கும் புரிந்தது என்கிறான், கையில் கொடுத்தால் தெரியவில்லை, என்ன செய்ய’ என்பது மாதிரியான நடைமுறைத் தலைவலிகளைக் கொண்டுவருகிறார்கள், கூடிப் பேசுகிறார்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். எட்டு வாரம், வாரம் ஒரு மணி, ஓர் அறை, டீ. நம் நிறுவனங்களில் எத்தனை இடத்தில் இது நடக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

விதி இடம் கொடுக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட யுஜிசியின் பிஎச்.டி. ஒழுங்குமுறை எல்லாத் துறை ஸ்காலர்களும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. டுடோரியல், ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரம் 4 முதல் 6 மணி நேரம் உதவியாளர் வேலை ஒதுக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு கோடை மாணவருக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுப்பதைவிட அசலான கற்பித்தல் பயிற்சி எது? வகுப்பில் டைட்ரேஷன் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவது கணக்கில் வரும், எட்டு வாரம் ஒருவரை ஆராய்ச்சிக்காரர் ஆக்குவது வராது என்றால், குறை கணக்கெழுதுகிறவரிடம்.

இன்னும் சில ஆண்டுகளில் இந்த மாணவர் கூட்டம் கோடையோடு நிற்கப்போவதும் இல்லை. 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வோடு கூடிய ஆனர்ஸ் படிக்கலாம். 12 கிரெடிட்டுக்கு ஆய்வுத் திட்டம் செய்யவேண்டும். அந்தக் கொள்கையைப் பற்றிய சண்டை வேறு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அது நடைமுறைக்கு வந்த பல்கலைக்கழகங்களில் அத்தனை பேரையும் தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளப்போவது யார்? மறுபடியும் அந்தக் கதவோரப் பேச்சுத்தான் நடக்கும், இந்த முறை வருடம் முழுக்க.

ஆகவே ஆய்வகத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. மாணவரை ஏற்றுக்கொண்டு மெயில் அனுப்புவதற்கு முன் ஸ்காலரைக் கேளுங்கள். சினாப்சிஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த வருடம் முடியாது என்று அவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். சம்மதித்தால் அந்த எட்டு வார நேரத்தை அவருடைய கற்பித்தல் மணிகளில் சேருங்கள். டாக்டரல் கமிட்டியில் கட்டுரை எத்தனை, மாநாடு எத்தனை என்று கேட்கும்போது, யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தாய் என்றும் கேளுங்கள். மோசமாக நடத்தியிருந்தால் அதையும் கேளுங்கள். மாணவரின் அறிக்கையிலும் சர்டிபிகேட்டிலும் தினசரி வழிகாட்டி என்று அவர் பெயரை அச்சிடுங்கள். ஸ்காலர்களே, நீங்களும் கேட்டு வாங்குங்கள். “சரிங்க சார்” என்று சொல்லும் அதே மூச்சில், “என் பேரும் வரணும் சார்” என்று சொல்ல ஒரு நொடி போதும்.